காரைக்காலில் குடியேறலாமா? இருப்பவர்களும் இருந்துவிட்டுப் போனவர்களும் சொல்லுங்கள்

அம்பத்தூர்_அகிலா | ஏப்ரல் 24

வணக்கம். இது சுற்றுலாக் கேள்வி இல்லை, அதனால் "இரண்டு நாளில் என்னென்ன பார்க்கலாம்" வகைப் பதில்கள் வேண்டாம்.

போன மாதம் அம்மாவைத் திருநள்ளாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் பயந்து வியாழனே போய்க் காரைக்காலில் அறை எடுத்தோம். ஒரு ராத்திரி என்று போனது நான்கு நாளாகிவிட்டது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அம்மாவின் செருப்பு வார் அறுந்துபோனது. பாரதியார் வீதியில் ஓரமாக உட்கார்ந்திருந்த பெரியவர் தைத்துக் கொடுத்தார். என்னிடம் சில்லறை இல்லை. "இருக்கட்டும்மா, நாளைக்கு இந்தப் பக்கம் வருவீங்கல்ல" என்றார். வருவோம் என்று அவருக்கு யார் சொன்னது? ஆனால் அவர் சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியுமா? மறுநாள் போனோம். காசை வாங்கிப் பைக்குள் போடுவதற்கு முன்பு, "அம்மாவுக்கு எந்தக் கால்ல வலி? இடதுதானே?" என்று கேட்டார். தேய்ந்த செருப்பைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்.

பதினாறு வருடமாக அம்பத்தூரில் ஒரே அடுக்ககத்தில் இருக்கிறோம். எதிர் வீட்டுக்காரர் பெயர் எனக்குக் கூரியர் அட்டையில் பார்த்துத்தான் தெரியும்.

எனக்கு வீட்டிலிருந்தே வேலை. அம்மாவுக்கு 72 வயது, மகன் எட்டாம் வகுப்பு. வாடகை, ஆஸ்பத்திரி எல்லாம் நானே விசாரித்துக்கொள்வேன். நான் கேட்பது ஒன்றுதான்: இந்த ஊர்க்காரர்கள் வந்துபோகிறவர்களிடம் மட்டும்தான் இப்படிப் பழகுவார்களா, குடியிருக்க வந்தாலும் இப்படித்தானா?

---

துருப்பிடித்தவன் | ஏப்ரல் 24

வேண்டாம்.

சரி, ஒற்றை வார்த்தையில் சொன்னால் மட்டுறுத்துநர் கோபித்துக்கொள்வார். வேலை மாற்றலில் மூன்று வருடம் இருந்தவன் நான். நல்லதைச் சொல்ல உள்ளூர்க்காரர்கள் வரிசையில் நிற்பார்கள், நான் மற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

கடலிலிருந்து அரைக் கிலோமீட்டரில் வீடு பிடித்தேன், ஆசைதான். முதல் வருடம் ஜன்னல் கம்பி துருப்பிடித்தது. அப்புறம் மின்விசிறி, வண்டிச் செயின், பீரோவின் கால். ஏசியின் வெளிப்பெட்டி இரண்டாம் வருடமே பழைய முறுக்கு மாதிரி உதிர்ந்தது. ஐப்பசி, கார்த்திகையில் துவைத்த துணி மூன்று நாளுக்குக் காயாது. மரக்கதவு உப்பிப்போய்ச் சாத்த வராது, சாத்தினால் திறக்க வராது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சாம்பார் வைத்தால் உப்பு போட வேண்டாம், அவ்வளவுதான் வசதி.

பழகுவார்களா என்று கேட்டீர்கள். பழகுவார்கள். எவ்வளவு என்றால், காலையில் நான் என்ன மீன் வாங்கினேன் என்பது நான் அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் அங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். "என்ன சார், இன்னிக்கு சங்கராவாமே?"

---

மாடிவீட்டு_மாங்கனி | ஏப்ரல் 25

துருப்பிடித்தவர் சொன்னதில் துரு உண்மை. சங்கராவும் உண்மையாகத்தான் இருக்கும். நான் பிறந்து வளர்ந்து இன்னும் அங்கேயே இருக்கிறவன், அதனால் என் சாட்சி செல்லாது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள்.

அகிலா, உங்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி "எந்த வீதி?" என்பதாக இருக்கும். எங்கே வேலை, என்ன சம்பளம் எல்லாம் அப்புறம். வீதியைச் சொன்னதும், "அந்த மஞ்சள் வீட்டுக்கு ரெண்டாவதா, நம்ம டெய்லர் வீட்டுக்கு எதிர்த்தாப்லயா?" என்று வரும். நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் ஊரின் படத்தில் உங்களை ஒரு புள்ளியாகக் குத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு நீங்கள் வெளியூர் இல்லை.

ஆனால் இந்த ஊரைப் புரிந்துகொள்ள ஆனி மாதப் பௌர்ணமிக்கு வர வேண்டும். மாங்கனித் திருவிழா. காரைக்கால் அம்மையார் கதை எல்லோருக்கும் தெரியும், ஆனால் நாங்கள் அதைப் புராணமாகச் சொல்வதில்லை, பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரிதான் சொல்வோம். புனிதவதி நம்ம ஊர்ப் பெண். புருஷன் பரமதத்தன் கடையிலிருந்து இரண்டு மாம்பழம் கொடுத்தனுப்பினான். பசியோடு வந்த சிவனடியாருக்கு இவள் ஒன்றைப் போட்டுவிட்டாள். அவன் சாப்பிட வந்து ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றையும் கேட்டான். இவள் வேண்டினாள், கையில் ஒரு பழம் வந்தது. ருசி வேறு மாதிரி இருக்கவே, ஏது என்று கேட்டான். உண்மையைச் சொன்னாள். "அப்படியானால் இன்னொன்று வரவழை" என்றான். வந்தது, அவன் கையில் வாங்கியதும் மறைந்தது. பயந்துபோய், வியாபாரத்துக்குப் போகிறேன் என்று கப்பலேறியவன் திரும்பவேயில்லை. எங்கள் பாட்டி கடைசிவரை அவன் பெயரைச் சொல்ல மாட்டாள். "அந்த ஓடுகாலி" என்றுதான்.

திருவிழாவில் மாப்பிள்ளை அழைப்பு, திருக்கல்யாணம் எல்லாம் முடிந்து, சிவன் பிச்சாண்டவராகப் பவளக்கால் சப்பரத்தில் வீதியுலா வருவார். அப்போது வீதியின் இரண்டு பக்க மாடிகளிலிருந்தும் ஜனங்கள் மாம்பழத்தை வாரி இறைப்பார்கள். எறிவது வேண்டுதல், பிடிப்பது பிரசாதம். குழந்தையில்லாதவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து ஏந்திக்கொண்டு நிற்பார்கள். என் தாத்தா குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்து நிற்பார், மனுஷன் விவரம்.

எங்கள் மாடியில் அன்றைக்கு யார் யார் நிற்பார்கள் என்று எங்களுக்கே தெரியாது. "மாடியில இடம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு யாரும் ஏறலாம், கூடையோடு வந்தால் போதும். ஒரு வருடம் என் தங்கை எறிந்த பழம் கீழே நின்றவர் மூக்குக்கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. அவர் ஒரத்தநாட்டுக்காரர், கல்லூரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர். அப்பா இறங்கிப் போய் அவரை வீட்டுக்கு அழைத்து, முகம் கழுவத் தண்ணீர் கொடுத்து, மறுநாளே கூட்டிப்போய்க் கண்ணாடி மாற்றிக் கொடுத்தார். பதினான்கு வருடமாக அவர் எங்கள் வீட்டுப் பொங்கலுக்கு வருகிறார். கல்யாணக் கதை ஒன்றும் இல்லை, யாரும் கேட்க வேண்டாம்.

---

கம்பன்_மேல்படுக்கை | ஏப்ரல் 25

மாங்கனி அண்ணன் மாம்பழம் தின்ன வைத்துவிட்டார், நான் காகித விஷயம் சொல்கிறேன். சென்னையில் வேலை, மாதம் இரண்டு முறை எழும்பூரிலிருந்து ராத்திரிக் கம்பன் விரைவு வண்டியில் ஊருக்குப் போகிறவன்.

காரைக்கால் தமிழ்நாடு இல்லை, புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். ஆனால் புதுச்சேரி நகரம் சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி, இடையில் தமிழ்நாடு. அதனால் சின்னச் சின்னக் கையெழுத்துக்குக்கூட "ஃபைல் பாண்டிக்குப் போயிருக்கு" என்ற பதில் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். வண்டி எண் பிஒய் 02 என்று ஆரம்பிக்கும். பஞ்சாயத்துக்குக் கொம்யூன் பஞ்சாயத்து என்று பெயர், பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சொல். பெட்ரோல் பக்கத்து மாவட்டங்களைவிட மலிவு. மதுவும் மலிவு, அதனால் சனி ஞாயிறு எல்லையோரக் கடைகள் பக்கம் சாயங்காலம் பிள்ளையோடு நடக்காதீர்கள்.

மகன் படிப்பு: அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. ஜிப்மரின் கிளை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுச்சேரி என்ஐடி என்று பெயர், இருப்பது காரைக்காலில், திருவேட்டக்குடியில். பிள்ளை நன்றாகப் படித்தால் வீட்டுச் சோற்றிலேயே பொறியாளராகலாம்.

வீடு பார்க்கும்போது கடலோரம் கேட்காதீர்கள். துருப்பிடித்தவர் செய்த தப்பு அதுதான். ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். சாயங்காலம் அரசலாற்றங்கரையோடு நடந்தால் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கே போய்விடலாம். கடலைப் பார்க்கக் கடலோரத்தில் படுக்க வேண்டியதில்லை.

---

அம்பத்தூர்_அகிலா | ஏப்ரல் 26

எல்லோருக்கும் நன்றி. ஆற்றங்கரை நடை எங்களுக்கும் பிடித்தது. படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஆனால் மீன் மார்க்கெட்டில் கூட்டமும் குறைவு, விலையும் எங்கள் அம்பத்தூர் விலை. கடலோர ஊரில் ஏன் அப்படி? அம்மாவுக்கு அதில்தான் ஏமாற்றம்.

---

பட்டினச்சேரியான் | ஏப்ரல் 26

அக்கா, நீங்க வந்தது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, மீன் இனப்பெருக்கத்துக்காக. சின்ன ஃபைபர் படகும் கட்டுமரமும்தான் கரையோரம் போய்வரும். கொஞ்சம் நெத்திலி, மத்தி, நண்டு கிடைக்கும். பெரிய மீன் வெளியிலிருந்து ஐஸ் பெட்டியில் வருவது. ஜூன் நடுவில் வாங்க, அப்போது தெரியும் எங்க ஊர்.

(போன மாதம் என்றீர்கள், தடை தொடங்கிப் பத்து நாள்தான் ஆகிறது. மார்ச்சா ஏப்ரலா?)

---

அம்பத்தூர்_அகிலா | ஏப்ரல் 26

மாட்டிக்கொண்டேன். பங்குனி மாதத்தைச் "போன மாதம்" என்று எழுதிவிட்டேன். பங்குனியில் திருநள்ளாறு போனோம். மார்க்கெட் பார்த்தது போன வாரம், வீடு பார்க்க நான் மட்டும் திரும்ப வந்தபோது. மீன் இல்லாமல் வந்ததில்தான் அம்மாவுக்கு ஏமாற்றம்.

---

பட்டினச்சேரியான் | ஏப்ரல் 27

அப்போ முடிவே பண்ணிட்டீங்க. சும்மா எங்களைக் கேக்குறீங்க.

நான் திருமலைராயன்பட்டினம் பக்கம், கடல்தொழில் குடும்பம். மீன் வாங்குவது பற்றி ஒன்று சொல்கிறேன். மார்க்கெட்டில் அம்மாக்கள் கூறு கட்டி வைத்திருப்பார்கள். முதல் நாள் பேரம் பேசுங்கள், தப்பில்லை. இரண்டாம் நாளும் அதே அம்மாவிடம் போங்கள். மூன்றாம் நாள் வேறு ஆளிடம் போனீர்களோ, தொலைந்தீர்கள். ஒழுங்காக ஒரே ஆளிடம் வாங்கினால், "இது ஐஸ் மீனு, உனக்கு வேணாம், நாளைக்கு வா" என்று அவர்களே திருப்பி அனுப்புவார்கள். வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்கிறவர்களை வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

கடலுக்குப் போய்வந்தவனிடம் "எவ்வளவு மீன் கிடைச்சுது" என்று கேட்காதீர்கள். "பாடு எப்படி?" என்று கேளுங்கள். பாடு இல்லாத நாளில் அதையும் கேட்காதீர்கள், முகம் பார்த்தால் தெரியும். காற்றும் கற்றுக்கொள்ளுங்கள். வடக்கிலிருந்து வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான். எங்க வீட்டு ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

மாங்கனி அண்ணன் ஆனி மாதத்தைச் சொன்னார், எனக்கு மாசி மகம். திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் அன்றைக்கு எங்கள் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். அவர் சம்சாரம் பத்மினி நாச்சியார் எங்கள் மீனவக் குலத்துப் பெண். அதனால் அவர் எங்களுக்குச் சாமி என்பது அப்புறம், முதலில் மாப்பிள்ளை. "மாப்ளே! மாப்ளே!" என்று கூப்பிட்டுக்கொண்டு நாங்கள்தான் தோளில் சுமப்போம். என் சித்தப்பா வருடம் முழுக்கக் கோயில் பக்கம் போகாத ஆள். அன்றைக்கு மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாக நிற்பார். மாப்பிள்ளை வீட்டுக்கு வரும்போது மாமன் இல்லாவிட்டால் மரியாதையா?

---

வாடாக்கடை_நாகூர் | ஏப்ரல் 27

எல்லாரும் காரைக்கால் காரைக்கால் என்கிறீர்கள். தெற்கே கொஞ்ச தூரம் தள்ளி நாகூர் என்று ஒரு ஊர் இருப்பது யாருக்கும் நினைவில்லையா? காரைக்கால்காரர்கள் சாயங்காலம் வண்டி எடுத்துக்கொண்டு எங்கே போகிறார்கள் என்று கேளுங்கள். எங்க ஊருக்கு வாடா சாப்பிட.

வாடா தெரியாதவர்களுக்கு: அரிசி மாவில் தட்டி, மேலே வெங்காயமும் இறாலும் பதித்துப் பொரித்தது. வடை என்று நினைத்து வந்தால் உங்களுக்குத்தான் நஷ்டம். அதன் மேல் ஒரு டீ.

அப்புறம், பழக்க வழக்கம் கேட்டார் அகிலா லாத்தா. எங்கள் தர்காவில் ஐந்து மினாரா. அதில் பெரியது 131 அடி, கட்டிக் கொடுத்தது தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங். தர்காவின் வருடாந்தரக் கந்தூரி விழா ஆரம்பத்தில் கொடி நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ரதத்தில் வரும். அங்கே அடங்கியிருக்கும் நாகூர் ஆண்டவர் கடலோடிகளின் அவுலியா அல்லவா! மூழ்கப் போன கப்பலின் ஓட்டையை முகம் பார்க்கும் கண்ணாடியால் அடைத்தவர் என்று சொல்வார்கள். சந்தனக்கூடு அன்றைக்குக் கூட்டத்தில் யார் என்ன மதம் என்று பிரிக்க முயன்றால் உங்களுக்குத் தலை சுற்றும். என் வாப்பா கடையில் மொட்டை போட வந்தவர்களும் வாடா சாப்பிடுவார்கள், வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களும் சாப்பிடுவார்கள். எல்லோருக்கும் ஒரே எண்ணெய்.

---

மாடிவீட்டு_மாங்கனி | ஏப்ரல் 27

நானா, வாடாவுக்கு வருவது உண்மை. மற்றதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மஸ்தான் சாகிபு தர்காக் கந்தூரிக்கு எங்கள் வீதியில் கண்ணாடி ரதம் வரும்போது நீங்கள்தான் இங்கே வருகிறீர்கள்.

---

தனிக்குடித்தனம் | ஏப்ரல் 29

இழை இனிப்பாகவே போகிறது, கொஞ்சம் உப்பு போடுகிறேன்.

வேலைக்காக இந்தப் பக்கம் இரண்டு வருடம் தனியாக இருந்தேன், அப்போது வயது 27. வீடு கேட்ட இடமெல்லாம் முதல் கேள்வி "வீட்டுக்காரர் எங்கே இருக்கார்?" இல்லை என்றால், "எப்போ?" வீடு கிடைத்த பிறகு இரவு எட்டரைக்கு வந்தால் மாடியிலிருந்து இருமல் சத்தம். தோழர் ஒருவர் புத்தகம் கொடுக்க வந்து வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் இட்லி மாவு வாங்கப் போன கடையில் அவர் என்ன ஆள் என்று விசாரணை. யாரும் கெட்டவர்கள் இல்லை. காய்ச்சல் வந்தபோது அதே இருமல் அம்மாதான் மூன்று வேளை கஞ்சி கொண்டுவந்தார். கஞ்சியைக் குடித்துக்கொண்டே நினைத்தேன், இந்த அம்மா எட்டரைக்கு இருமாமல் கஞ்சி மட்டும் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று. அது நடக்காது. இரண்டும் ஒரே ஜன்னல் வழியாக வருகிறது.

அகிலா, உங்களோடு அம்மாவும் மகனும் இருப்பதால் உங்களுக்கு இந்த அளவு இருக்காது. ஆனால் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்பார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொண்டு வாருங்கள்.

---

அம்பத்தூர்_அகிலா | ஏப்ரல் 29

இதற்காகத்தான் இழையைத் தொடங்கினேன். நன்றி. முடிவு செய்துகொண்டுதான் வருவேன். கேட்டாகிவிட்டது ஏற்கெனவே, வீட்டுத் தரகர் கேட்டார். "பிரிந்துவிட்டோம்" என்றேன். ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம், "அம்மையாரையும் விட்டுட்டுத்தான் போனான், என்ன கெட்டுப்போச்சு இப்ப? கீழ்வீடு பாக்குறீங்களா, மேல்வீடா?" என்றார்.

---

சொல்தா_பேத்தி | ஏப்ரல் 30

பாரிஸ் புறநகரிலிருந்து எழுதுகிறேன். அந்தத் தரகருக்கு என் வணக்கம்.

புனிதவதியைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அவன் பாண்டிநாட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டு இருக்கிறான் என்று தெரிந்ததும், சொந்தக்காரர்கள் அவளைச் சிவிகையில் ஏற்றி அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்கிறது பெரியபுராணம். அவனோ தன் பெண்ணுக்குப் புனிதவதி என்று பெயர் வைத்திருந்தான், குடும்பத்தோடு இவள் காலில் விழுந்தான். அதற்குப் பிறகுதான் அவள் உடம்பையே உதறிப் பேய் வடிவம் கேட்டாள். ஊர் கூடி உதவுகிறேன் என்று கிளம்பினால் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடப் பழைய உதாரணம் எங்கள் ஊரில் இல்லை. அறுபத்துமூவரில் அவளுக்கு மட்டும் உட்கார இடம் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவு நடந்ததற்கு அதாவது வேண்டும்.

என் தாத்தா சொல்தா, பிரெஞ்சுப் படையில் இருந்தவர். 1954 நவம்பர் 1இல் ஆட்சி பிரான்ஸிடமிருந்து இந்தியாவுக்குக் கை மாறியது, சட்டப்படி முழுதாக மாறியது 1962 ஆகஸ்ட் 16இல். எந்த நாட்டுக் குடிமகன் என்று சொல்ல ஆறு மாதம் அவகாசம். தாத்தா பிரான்ஸ் என்று எழுதிக் கொடுத்தார், அவர் தம்பி எழுதவில்லை. ஒரே சுவரின் இரண்டு பக்கம், இரண்டு தேசம். இன்றும் ஜூலை 14 அன்று போர் நினைவுச்சின்னத்தில் மாலை வைப்பார்கள். தாத்தா பதக்கம் குத்திக்கொண்டு போவார், சின்னத் தாத்தா கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டிவருவார்.

இப்போது எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவி எதிர்வீட்டு உம்மாவிடம். வெள்ளிக்கிழமை திறந்து பெருக்கி, திண்ணை மாடத்தில் விளக்கு வைத்துவிட்டுப் பூட்டுவார். "நீங்க ஏன் உம்மா விளக்கு வைக்கணும்?" என்று கேட்டேன். "உங்க பாட்டி இருக்கும்போது இந்நேரத்துக்கு எரியும். இருட்டா இருந்தா எனக்குத்தான் பார்க்க நல்லா இல்ல" என்றார்.

நான் விடுமுறைக்கு வந்து இறங்கினால் அவர் சொல்லும் முதல் வார்த்தை, "குண்டாயிட்டே". தனிக்குடித்தனம் சொன்ன அதே ஜன்னல்தான்.

---

துருப்பிடித்தவன் | மே 2

இவ்வளவு பேசிய பிறகும் யாரும் புயலைப் பற்றிப் பேசவில்லை. தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குக் காரைக்கால் என்ற பெயர் தெரிவதே வானிலை அறிக்கையால்தான். "காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே கரையைக் கடக்கும்" என்பதைக் கேட்காமல் எந்தக் கார்த்திகை போயிருக்கிறது? வானிலை ரேடாரே அங்கேதானே வைத்திருக்கிறார்கள். நிவர் வந்த 2020 நவம்பரில் நான் அங்கே. கடைசியில் அது புதுச்சேரி பக்கம் ஏறிவிட்டது. அதற்கு முன்னால் இரண்டு நாள் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று மாலை கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "சார், தனியா இருக்காதீங்க, கீழ வாங்க" என்றார். போனேன். ஏழு குடும்பம் ஒரே கூடத்தில். டார்ச் வெளிச்சத்தில் ரவை உப்புமா, ராத்திரி முழுக்கச் சீட்டு. நூற்றிருபது ரூபாய் தோற்றேன்.

---

அம்பத்தூர்_அகிலா | மே 2

உப்புமா பரவாயில்லை. சுனாமி பற்றித்தான் அம்மா கேட்கிறார்கள். பட்டினச்சேரி தம்பி, கேட்கலாமா தெரியவில்லை.

---

பட்டினச்சேரியான் | மே 3

கேக்கலாம் அக்கா. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அதிகம் எழுத மாட்டேன். எங்கள் தெருவில் கதவு இல்லாத வீடு எத்தனை, ஆளே இல்லாத வீடு எத்தனை என்று இப்போதும் எண்ணிச் சொல்வேன். எங்களில் பாதிப் பேருக்குக் கடலை விட்டு உள்ளே தள்ளி வீடு கட்டிக் கொடுத்தார்கள். வருடா வருடம் அன்றைக்குக் கடலில் பால் ஊற்றிப் பூப் போடுவோம், தொழிலுக்குப் போக மாட்டோம்.

என் ஆயா அதற்குப் பிறகு கடலைப் பார்த்து உட்கார மாட்டாள். முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்து மீன் ஆய்வாள். ஆனால் ஊரை விட்டு வா என்று மகள் கூப்பிட்டபோது போகவில்லை. "கோவிச்சுக்கிட்டா பேசாம இருக்கலாம், வீட்ட விட்டா போவாங்க?" என்றாள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், ஊருக்குள் வீடு எடுத்தால் பயம் வேண்டாம். எடுத்தது எங்கே?

---

மட்டுறுத்துநர் | மே 3

நல்ல இழை. நாகூர்–காரைக்கால் வாடா விவாதம் மட்டும் தனியிழைக்கு மாற்றப்பட்டது, அங்கே 41 பதிவுகள் ஓடிவிட்டன.

---

அம்பத்தூர்_அகிலா | ஜூலை இரண்டாம் வாரம்

கேட்டவர்களுக்கு: ஜூன் தொடக்கத்தில் வந்துவிட்டோம். மாதா கோயில் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்து, கீழ்வீடு. (எந்த வீடு என்று இங்கே எழுத மாட்டேன், நேரில் கேட்டால் ஊரே சொல்லும்.)

கம்பன் சொன்னபடி கடலிலிருந்து தள்ளித்தான் எடுத்தோம். அப்படியும் மகன் சைக்கிள் செயின் ஆறு வாரத்தில் சிவந்துவிட்டது. துருப்பிடித்தவரே, உங்களை நினைத்துக்கொண்டேன்.

தடை முடிந்து படகுகள் திரும்பிய அன்று அம்மாவை மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். பட்டினச்சேரி தம்பி சொன்னபடி ஒரே ஆளிடம்தான் வாங்குகிறோம். போன வாரம் நான் மட்டும் போனேன். "அம்மா எங்க?" என்று கேட்டு, மீனைக் கொடுக்காமல் நிறுத்திவைத்து, முழுக் காரணமும் சொன்ன பிறகுதான் பையில் போட்டார். முழங்கால் வலிக்கு நண்டு ரசம் என்று ஒரு கையளவு நண்டு கொசுறு.

எரிச்சலும் உண்டு. காலை பத்து மணிக்கு வேலையில் கூட்டம் நடக்கும்போது பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஜன்னலில் முருங்கைக்கீரையோடு நிற்பார். "கம்ப்யூட்டர்ல யாருகூடப் பேசுற?" என்பார். பெங்களூரிலிருப்பவர்கள் எல்லோரும் அவருக்குக் கை காட்டப் பழகிவிட்டார்கள். எனக்குத்தான் இன்னும் பழகவில்லை. கதவைச் சாத்தினால் "உடம்பு சரியில்லையா" என்று தட்டுகிறார். சாத்தாவிட்டால் கீரை.

மாங்கனித் திருவிழாவுக்கு மாங்கனி அண்ணன் வீட்டு மாடிக்கே போனோம். அம்மாவால் படி ஏற முடியாது, அதனால் கீழேயே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். மடியில் தானாக விழுந்தது மூன்று பழம். செருப்புத் தைக்கும் பெரியவர் கூட்டத்தில் எங்களைக் கண்டுபிடித்து வந்து, அம்மாவின் காலைப் பார்த்துவிட்டு, "இந்தச் செருப்பு எங்க வாங்குனீங்க? குதிகால் சரியில்ல, நாளைக்குக் கொண்டாங்க" என்றார்.

அடுத்த வருடம் எறிய யார் யார் வருகிறீர்கள்? துருப்பிடித்தவரே?

---

துருப்பிடித்தவன் | ஜூலை இரண்டாம் வாரம்

செயினுக்கு வாரம் ஒருமுறை எண்ணெய் போடச் சொல்லுங்கள், போட்டதும் துணியால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மணல் ஒட்டும்.

ஆனிப் பௌர்ணமிக்கு விடுப்புக் கேட்டுப் பார்க்கிறேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வருகிறேன்.